புயல் யார் பக்கம்?

உடன்குடிப் பனங்காட்டில் பனையேறும் தோழர் எவரும், மேகம் கறுத்து மழை இறங்கும்போது, பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் என்று போட்டிருப்பதை நம்பி மரத்தில் காலை வைக்கமாட்டார். நனைந்த மரம் வழுக்கும். வழுக்கினால் உயிர் போகும். ஆனால் அதே தோழர் கீழே இறங்கியதும் மகள் கலியாணத்திற்குப் புரோகிதரிடம் நாள் கேட்கப் போவானேன் என்று கேட்கின்றோம்.

யுத்தமும் உயிர் போகும் இடந்தான். அங்கே நடந்ததென்ன?

1281-ல் ஜப்பான் மீது வந்த மங்கோலியக் கப்பற்படை புயலில் அழிந்தது. அதற்குத் "தெய்வக் காற்று" என்று ஜப்பானியர் பெயரிட்டார்கள். நல்லது, அந்தத் தெய்வம் 1944-ல் எங்கே போயிற்று? அவ்வாண்டு மார்ச்சில் மழைக்குமுன் இம்பாலைப் பிடித்துவிடலாமென்று சுமார் மூன்று வார உணவுடன் ஜப்பானியப் படை பர்மாவிலிருந்து புறப்பட்டது. இம்பால் விழவில்லை, மழை வந்துவிட்டது. பசி, வயிற்றுக்கடுப்பு, மலேரியா ஆகியவற்றால் பல்லாயிரவர் மடிந்தார்கள். உடன்சென்ற இந்திய தேசிய ராணுவத்தாரும் அவ்வாறே அவதியுற்றார்கள்.

அவ்வாண்டு டிசம்பரில் பசிபிக் கடலில் அமெரிக்கக் கப்பற்படையையும் புயல் அடித்தது. மூன்று நாசகாரிக் கப்பல்கள் மூழ்கின. சுமார் 790 பேர் மாண்டனர். அவர்கள் காற்றுக்குத் தெய்வப் பெயர் வைக்கவில்லை; 1945-ல் குவாம் தீவில் புயலைக் கண்டறியும் நிலையம் வைத்தார்கள். அவ்வாண்டே ஜப்பான் சரணடைந்தது.

பிரான்சின் நார்மண்டிக் கரையில் படை இறக்க ஐசனோவர் குறித்த நாள் 1944 ஜூன் 5. வானிலை அறிஞர் ஸ்டாக், புயல் வருகிறது என்றார், நாள் தள்ளிற்று. 6-ந் தேதி சற்று ஓயும் என்றார். அன்றே படை இறங்கிற்று. அந்தக் கணக்குக்கு உதவியவற்றுள் ஒன்று, அயர்லாந்துக் கடலோரத் தபாலாபீசில் ஒரு பெண் பாரமானியைப் பார்த்து அனுப்பிய அளவு. அவர் கையில் பஞ்சாங்கமும் இல்லை, ஜெபமாலையும் இல்லை.

"மழையை அறியலாம், தடுக்க முடியுமா?" என்று வைதிகத் தோழர்கள் கேட்பார்கள். முடியுமென்று நாமும் சொல்லவில்லை. தடுக்க முடியாததை முன்னறிந்து ஒதுங்கவே மனிதனுக்கு அறிவு இருக்கின்றது.

தூத்துக்குடியில் புயல் கூண்டு ஏறினால் மணப்பாட்டு மீனவர் படகைக் கரையிலே கட்டுகின்றார்; எவரிடமும் சகுனம் கேட்பதில்லை. மனிதனைக் கொல்லும் யுத்தத்திற்கே பாரமானி வேண்டியிருக்கும்போது, மனிதன் வாழ்வதற்கு மாத்திரம் பஞ்சாங்கம் எதற்கு? தோழர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.