மழை வந்தால் பூட்ஸ்

இந்தியக் கால்பந்து என்று பேச்செடுத்தால் நம் பக்கத்தில் உடனே ஒரு கதை வந்துவிடும். 1950 உலகக் கோப்பையில் வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்றார்கள், அதனால் இந்தியா போகவில்லை என்ற கதை. ஆம்பூர் டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், வாணியம்பாடி மைதானத்து ஓரத்திலும் கேட்டிருக்கிறேன். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற இடம் என்பதால் இங்கே அதற்குக் கூடுதல் மவுசு.

நடந்தது வேறு. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டதால் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. பிறகு நம் கால்பந்துச் சங்கமே பின்வாங்கியது. நீண்ட பயணம், பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் இழுபறி என்று காரணங்கள் சொன்னார்கள். ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை அடுத்ததுதான் என்று நினைத்த காலம் அது. வெறுங்கால் காரணமே இல்லை என்று அன்றைய தடுப்பாட்டக்காரர் சைலேன் மன்னாவே பிற்காலத்தில் சொல்லிவிட்டார்.

எனக்கு இந்தக் கதைமேல் கோபம் உண்டு. வெறுங்கால் ஆட்டத்தை ஒரு சோகக் கதையாக்கி, அதற்குள் இருந்த விளையாட்டு அறிவை அது மறைத்துவிடுகிறது. அன்று வெறுங்கால் ஆட்டம் என்பது யோசித்து ஆடிய ஆட்டமுறை. அந்தக் கால பூட்ஸை நினைத்துப் பாருங்கள்: கணுக்கால்வரை மூடும் தடித்த தோல், கல்போல் கெட்டியான முனை, அடியில் ஆணி வைத்து அடித்த தோல் குமிழ்கள். காய்ந்த, இறுகிய தரையில் அதைப் போட்டுக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது. விரலால் பந்தைத் தடவி நிறுத்துகிறவன் அங்கே ராஜா. கணுக்காலில் ஒரு கட்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு.

பந்தும் தோல்தான். துண்டு துண்டாக வெட்டித் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடரைத் திணித்து, வாயை நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். விதிப்படி ஆட்டம் தொடங்கும்போது அதன் எடை 14 முதல் 16 அவுன்ஸ். மழை பெய்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத் தோலைத் தூக்கித் தோள்மேல் போட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் குடித்த பந்தை வெறும் விரலால் உதைப்பதும், சேற்றில் வழுக்காமல் நிற்பதும் எவ்வளவு பெரிய பாடு!

1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பிடித்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. வெற்றி கோலைப் போட்ட அபிலாஷ் கோஷ் கல்லூரி மாணவர். இந்த ஆட்டத்தை எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும்.

அதற்கு 23 ஆண்டுகள் கழித்து நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. 1934-இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய கிளப் முகமதன் ஸ்போர்ட்டிங். அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அவர்கள் செய்த காரியம் எளிமையானது. தரை காய்ந்திருந்தால் வெறுங்கால், மழை வந்தால் பூட்ஸ். கல்கத்தாவின் கால்பந்துப் பருவமே மழைக்காலத்தில்தான் வருகிறது என்பதை யோசித்தால் இதன் அருமை புரியும். என்னைக் கேட்டால் 1911-ஐவிட இதுதான் பெரிய பாடம்.

அந்தப் பாடத்தை நாடு எடுத்துக்கொள்ளவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். கேப்டன் தாலிமெரன் ஆவோ, கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர். பெங்களூரில் ஆடிப் பழகிய சாரங்கபாணி ராமன் பிரான்சுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாயின. கடைசி நிமிடங்களில் வாங்கிய கோலால் 2–1 என்று தோற்றோம். பார்த்தவர்கள் மெச்சினார்கள், நாம் திருப்திப்பட்டுக்கொண்டோம். 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியா 10–1 என்று அடித்தது. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. 1934-இலேயே விடை தெரிந்திருந்த கேள்விக்கு, பத்து கோல் வாங்கி விடை தேடினோம்.

ஹெல்சிங்கியில் தோற்ற அணிக்கும், பின்னால் வென்ற அணிக்கும் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம்தான். ஹைதராபாத்தில் உஸ்மானியா கல்லூரி அணியில் ஆடி, பள்ளி ஆசிரியரான மனிதர். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டும் பழக்கத்தை ஒழிக்க, டிரிப்ளிங்கே கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று நடுக்களத்தார், ஐந்து ஃபார்வர்டுகள் என்ற பழைய அமைப்பும் அவர் காலத்தில் கழிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காமிடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். அந்த இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ்.

இதையெல்லாம் நாம் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறோமா? அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் வேறு ஆட்டம். ஆனால் அவர்கள் கணக்கு வைத்திருக்கும் விதம் பொறாமைப்பட வைக்கிறது. 1916 அக்டோபர் 7-இல் ஜார்ஜியா டெக், கம்பர்லேண்ட் கல்லூரியை 222–0 என்று வென்றது; ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் எதில் எத்தனை புள்ளி என்பதுகூட இன்றும் கிடைக்கும். ஹார்வர்டு 1892-இல் ஆப்பு வடிவில் கூட்டமாக ஓடி மோதியதும், அந்த முறை இரண்டே ஆண்டில் தடைசெய்யப்பட்டதும் பதிவில் இருக்கிறது. தோற்றதையும் கைவிட்டதையும் அவர்கள் எழுதி வைக்கிறார்கள். நாம் 1911-ஐ எழுதுகிறோம், 1952-ஐ மறக்கிறோம்.

வேலூர் ஊரீசு கல்லூரி 1898-லிருந்து இருக்கிறது, வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லிருந்து. இந்தப் பக்கத்து மாணவர்கள் எப்போது வெறுங்காலை விட்டு பூட்ஸுக்கு மாறினார்கள் என்பது பழைய அணிப் படங்களில் இருக்கும். உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ கேடயத்தோடு உட்கார்ந்திருக்கும் கல்லூரி அணிப் படம் இருந்தால், தயவுசெய்து முகங்களோடு கால்களையும் பாருங்கள். தெரிந்த பெயர்களையும் ஆண்டையும் பின்புறம் பென்சிலால் எழுதி, ஒரு நகலை அந்தக் கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.