டிரெஸ்ஸர் போனார், டாக்டர் வரவில்லை!



"அங்கிள், ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?"

என் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு ஓர் இளம் டாக்டர் கேட்ட கேள்வி இது. அதட்டிக் கேட்கவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அப்பா 27 வருடம் தோட்டத்தில் மரம் சீவியவர். தோட்டம் விற்கப்பட்டதும் ஷா ஆலமில் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தோம். அவருக்கு ஜாகா வேலை கிடைத்தது. காலை 7 மணிக்குப் போனால் இரவு 7 மணிக்குத்தான் வருவார். ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. கால் விரலில் சின்னக் காயம் பட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினோம், கடையில் பனடோல் வாங்கிக் கொடுத்தோம். கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் அவர் வேலையில் இருந்தார். அவர் வீடு திரும்பும் நேரத்தில் கிளினிக் மூடியிருந்தது. பதினோராவது நாள் காய்ச்சலில் உளறத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் கேட்டது முன்பணம்! 3,000 வெள்ளி எங்கே இருக்கிறது நம்மிடம்? அங்கிருந்து அரசாங்க மருத்துவமனைக்குப் போகும்போது நேரம் கடந்துவிட்டது.

ஏன் லேட்டா வந்தோம்? அப்பா சொல்லாத பதிலை நான் இங்கே சொல்கிறேன். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

பெரட்டுக்கு வராதவனைத் தேடிய காலம்

1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டபோது மலேரியா ஆட்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. கிள்ளானில் டாக்டராக இருந்த மல்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடித்துக் கொசுவை ஒழிக்க வழி செய்தார். அதன் பிறகுதான் தோட்ட முதலாளிகளுக்குக் கணக்குப் புரிந்தது. கூலியாள் செத்தால் பால் எடுக்க ஆள் இல்லை! ஆட்களுக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1912, 1923 ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தின. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெஸ்ஸரும் நமக்கு வந்தது இப்படித்தான். வெள்ளைக்காரன் செய்த தர்மம் அல்ல அது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வயிற்றுவலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே கலவை மருந்து என்று டிரெஸ்ஸரை நாமே கேலி பேசியிருக்கிறோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். விடியற்காலைப் பெரட்டில் ஒருவன் இல்லை என்றால், அவன் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. லயத்து வாசலுக்கு டிரெஸ்ஸர் வந்தார். வேலை கெடக்கூடாது என்ற சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வந்தார்!

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பொறுப்பு சட்டத்தில் இருந்தது. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்தது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-இல் வந்தது. அதிலும் தோட்ட ஆஸ்பத்திரி பற்றிய விதிகள் உண்டு. சட்டம் இன்றும் இருக்கிறது. தோட்டம்தான் இல்லை!

37 வருடம் காத்திருந்த தலைநகர்

இன்றைய ஷா ஆலம் யார் நிலம்? சுங்கை ரெங்கம் என்று பெயர் சொன்ன ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். செக்‌ஷன் 7-இல் இருக்கும் தமிழ்ப்பள்ளி இன்னமும் மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. 1978-இல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகரானது. அதே 1978-இல் உலக நாடுகள் அல்மா-ஆட்டா நகரில் கூடி, மக்கள் வாழும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் பக்கத்திலேயே அடிப்படை மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன.

தலைநகரில் அரசாங்க மருத்துவமனை எப்போது திறந்தது? 2015-இல்! 37 வருடம். கட்டுமானம் இழுபட்டு, குத்தகையாளர் மாறி, குறித்த காலம் கடந்து திறந்தார்கள். அதுவரைக்கும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைதான் நமக்குக் கதி. 2021 ஜூலையில் கோவிட் உச்சத்தில் அந்த மருத்துவமனையில் கட்டில் போதாமல் நோயாளிகள் நாற்காலியிலும் தரையிலும் கிடந்ததை நாடே பார்த்தது. அங்கே உழைத்த டாக்டர்களையும் தாதியர்களையும் குறை சொல்ல நமக்கு மனம் வராது. அவர்களிலும் எத்தனையோ பேர் குத்தகை வேலையில் இருந்தவர்கள். அதே மாதம் 26-ஆம் தேதி குத்தகை டாக்டர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நீதி கேட்டார்களே, மறந்துவிடக்கூடாது.

எந்த நோய்க்கு எந்த வாசல்?

அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் முன் நம் கையில் இருப்பதைத் தெரிந்துகொள்வோம். தெரியாததால்தான் என் அப்பா கால் போனது.

கிளினிக் கெசிஹாத்தான்: இதுதான் நம் முதல் வாசல். குடிமக்களுக்கு 1 வெள்ளி, மருந்தும் சேர்த்து. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை, ஆறாத புண் எல்லாவற்றுக்கும் இங்கேதான் போக வேண்டும். பெரிய கிளினிக்குகளில் இரத்தப் பரிசோதனைக் கூடம், எக்ஸ்ரே, பல் மருத்துவமும் உண்டு. ஷா ஆலமில் செக்‌ஷன் 7-இலும் செக்‌ஷன் 19-இலும் இருக்கிறது.

கிளினிக் கொமுனிட்டி: 2010-இல் கிளினிக் 1மலேசியா என்று தொடங்கிப் பிறகு பெயர் மாறியது. டாக்டர் இல்லை, மருத்துவ உதவி அதிகாரி பார்ப்பார். நம் பழைய டிரெஸ்ஸரின் இன்றைய வாரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல், சின்னக் காயத்துக்கு இது போதும்.

அரசாங்க மருத்துவமனை: நிபுணர் டாக்டரைப் பார்க்கக் கிளினிக்கின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நிபுணர் கட்டணம் 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டு ஒருநாளைக்கு 3 வெள்ளி.

அவசரப் பிரிவு: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணிக் கை கால் விழுவது, விபத்து, நினைவு தப்புவது இவற்றுக்குத்தான் அவசரப் பிரிவு. அழைக்க வேண்டிய எண் 999. வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை, நோயின் கடுமையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சாதாரணக் காய்ச்சலுக்குப் போனால் பச்சையில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். நம்மை ஒதுக்குகிறார்கள் என்று எல்லா நேரமும் நினைக்க வேண்டாம்.

தனியார் மருத்துவமனை: மெடிக்கல் கார்டு அல்லது முன்பணம் கேட்பார்கள். ஆனால் 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார நிலையங்கள் சட்டம், 38-ஆவது பிரிவை நினைவில் வையுங்கள். உயிர்காக்கும் அவசர முதலுதவி யாருக்குத் தேவைப்பட்டாலும் தரத் தயாராக இருக்க வேண்டும் என்று தனியார் கிளினிக், மருத்துவமனை அனைத்துக்கும் அந்தப் பிரிவு கட்டளை இடுகிறது. அன்று ராத்திரி இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த முகப்பில் கைகட்டி நின்றிருக்க மாட்டேன்.

டயாலிசிஸ் மையம்: சிறுநீரகம் கெட்டவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அரசாங்கத்தில் இடம் குறைவு. பெரும்பாலும் தனியாரும் அறநிறுவனங்களும்தான் நடத்துகின்றன. பெர்கெசோ சந்தா கட்டியவருக்கு உதவி உண்டு. முதலாளி சந்தா கட்டுகிறாரா என்று இன்றே சம்பளச் சீட்டைப் பாருங்கள்!

வருகிறவனை எண்ணுகிறார்கள், வராதவனை?

சுகாதார அமைச்சு கிளினிக்குகளை 1 முதல் 7 வரை வகை பிரித்து வைத்திருக்கிறது. எதை வைத்து? ஒருநாளைக்கு எத்தனை நோயாளி வருகிறார்கள் என்பதை வைத்து. கட்டடம், ஆள், கருவி எல்லாம் அந்தக் கணக்குப்படிதான்.

வருகிறவரை எண்ணுவது சரி. வராதவரை யார் எண்ணுவது? ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்குகிற லாரி ஓட்டுநரை யார் எண்ணுவது? பஸ் இல்லாமல் நாலாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற பாட்டியை யார் எண்ணுவது? தோட்டத்தில் பெரட்டுக்கு வராதவனைத் தேடினார்கள். இந்த மாநகரில் கிளினிக்குக்கு வராதவனை யாரும் தேடுவதில்லை. அவன் காலையோ சிறுநீரகத்தையோ இழந்து அவசரப் பிரிவுக்கு வரும்போதுதான் கணக்கில் சேர்கிறான். அப்போது "ஏன் லேட்?" என்று அவனையே கேட்கிறார்கள்!

அரசாங்கத்தின் சொந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு! மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. நாடு முழுக்கப் பார்த்தால், நோய் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. இத்தனைக்குப் பிறகும் நம் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை விரல் குத்திப் பார்க்க ஒரு தாதி வரக்கூடாதா?

முஸ்லிம் அன்பர்களில் ஏழை நோயாளிகளுக்கு ஸக்காட் நிதி கைகொடுக்கிறது. அது அவர்கள் சமயத்தின் நல்ல ஏற்பாடு, அதில் நமக்குப் பொறாமை இல்லை. நம் ஏழைக்கு என்ன ஏற்பாடு என்பதே கேள்வி. பதிலாகக் கிடைப்பது தீபாவளிக்கு ஒரு ஹேம்பர், தேர்தலுக்கு ஒரு சக்கர நாற்காலி, பத்திரிகையில் ஒரு படம். காலை வெட்டிய பிறகு நாற்காலி கொடுக்கிற அரசியல் நமக்கு எதற்கு?

ஆவணம் இல்லாதவர் கதை இன்னும் மோசம். குடிமகனுக்கு 1 வெள்ளி என்றால் அயல்நாட்டவருக்கு 40 வெள்ளி. இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட பெற்றோரின் பிள்ளை முகப்பில் என்ன காட்டும்? அதனால்தான் அந்தத் தாய் கிளினிக் பக்கமே போவதில்லை.

நாம் கேட்பது என்ன?

சுகாதாரம் மத்திய அரசின் பொறுப்பு, நிலம் மாநில அரசின் பொறுப்பு. இவரைக் கேட்டால் அவரைக் காட்டுவார், அவரைக் கேட்டால் இவரைக் காட்டுவார். ஆகவே இருவரையும் சேர்த்தே கேட்கிறோம்.

1. ஒவ்வொரு மலிவுவிலை அடுக்குமாடிப் பகுதியிலும் நடந்து போகும் தூரத்தில் ஓர் அரசாங்க கிளினிக். நிலம் மாநிலம் தரட்டும், டாக்டரை அமைச்சு தரட்டும்.

2. தோட்டத்தை வாங்கி வீடு கட்டிய மேம்பாட்டாளர்கள் கிளினிக் இடத்தையும் சேர்த்துக் கட்டித் தர வேண்டும். தோட்டத்தை வாங்கியவருக்குத் தோட்டத்தின் கடமையிலும் பங்கு உண்டு.

3. சில கிளினிக்குகளில் இருப்பதுபோல் இரவு 9.30 மணி வரை சேவை, பாட்டாளிகள் வாழும் எல்லாப் பகுதிகளிலும்.

4. மருந்து எப்படிச் சாப்பிடுவது என்பதைத் தமிழிலும் சொல்லுங்கள், எழுதுங்கள்.

5. வராதவர்களைத் தேடி வீடு வீடாக இனிப்பு நீர்ப் பரிசோதனை.

6. இங்கே பிறந்த பிள்ளைக்கு, ஆவணம் தீரும்வரை, குடிமகனுக்கான கட்டணம்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவருக்கும் அவர் துணைவருக்கும் 40 வயது ஆகியிருந்தால் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை இருக்கிறது. எத்தனை பேர் போனோம்? கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு, அதே பந்தலில் ஒரு நாள் இரத்தப் பரிசோதனை நடத்தத் தெரியாதா? பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள். பெரட்டை இனி நாமே எடுப்போம்!

அப்பா இன்றும் அதே மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார். லிப்ட் பழுதானால் அவர் கீழே இறங்குவதில்லை. 1 வெள்ளியில் ஆறியிருக்க வேண்டிய புண் அது.

ஏன் லேட்டா வந்தீங்க என்று இனி எங்களைக் கேட்காதீர்கள். எங்கள் வாசலுக்கு வர நீங்கள் ஏன் இவ்வளவு லேட் என்று நாங்கள் கேட்கிறோம். பதில் வரும்வரை கேட்போம்!