முதலில் பிள்ளையார் வேண்டாம், ஓர் அகல் போதும்

போன தை மாதம் எங்கள் வீட்டுக் கல்சட்டி உடைந்தது. அம்மா சேலத்திலிருந்து வாங்கி வந்து, வடிகஞ்சி, விளக்கெண்ணெய், மஞ்சள் என்று நாள்கணக்கில் பழக்கி எடுத்த சட்டி. நாற்பது வருஷம் புளிக்குழம்பு கொதித்தது. சூட்டோடு பச்சைத் தண்ணீரில் வைத்துக் கெடுத்தவன் நான்தான்.

தூக்கிப் போட மனம் வரவில்லை. கனமான அடித்துண்டை ஹாக்ஸா பிளேடால் கீறிப் பார்த்தேன். மாவாக உதிர்ந்தது. மாக்கல் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? அதிலுள்ள டால்க் என்ற கனிமத்தை நகத்தாலேயே கீறலாம்; மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 1, அதாவது கடைசி இடம். சட்டிக் கல்லில் வேறு கனிமங்களும் கலந்திருப்பதால் உறுதி கொஞ்சம் கூடும். ஆனாலும் இரும்புக்கு இணங்கிவிடும். 1117-இல் தொடங்கிய பேளூர்க் கோயிலின் நுணுக்கமெல்லாம் இந்த இனத்துக் கல்லில் வந்ததுதான்.

கல் செதுக்க ஆசைப்படும் நம் வயதுக்காரர்கள் பெரும்பாலும் பிள்ளையாரில்தான் கை வைக்கிறார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. களிமண் என்றால் திரும்ப ஒட்டலாம். கல்லில் எடுத்தது எடுத்ததுதான். தும்பிக்கை முறிந்தால், பின்னமான சிலையை வீட்டில் வைக்கவும் முடியாது, குப்பையில் போடவும் மனம் வராது. அத்தோடு உளியும் பரணுக்குப் போய்விடும். அகல் கோணினாலும் எண்ணெய் நிற்கும், திரி எரியும்.

ஹாக்ஸா பிளேடு, பழைய அரம், சின்ன உளி, உப்புத்தாள் போதும். முதலில் குழியைத் தோண்டிவிட்டு அப்புறம் வெளிப்பக்கத்தைக் குறையுங்கள். சுவர் மெலிந்தபின் உள்ளே தோண்டினால் தெறித்துவிடும். கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது; சில மாக்கல்லில் கல்நாரும் கலந்திருக்கும். அதனால் நனைத்து நனைத்தே தேயுங்கள், வாசலில் உட்காருங்கள், முகக்கவசம் போடுங்கள், பேரப்பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கிரைண்டர் மெஷின் வேண்டவே வேண்டாம்.

"ஏனுங்க, மெஷின்ல அஞ்சு நிமிஷத்துல முடியறதுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?" என்றார் நண்பர். ஜமக்காளத்து ஊரில் பிறந்தவர் கேட்கிற கேள்வியா இது? நமக்கு இப்போது மிச்சமிருப்பது நேரம்தானே. மெஷின் மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரத்தை வைத்து என்ன செய்யப்போகிறோம்?

எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. கார்த்திகைக்கு ஏற்றினோம். ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. "கோணலா இருந்தா என்னங்க, அத்தை சட்டியாச்சே," என்றாள் மனைவி.

உங்கள் வீட்டுப் பரணிலும் உடைந்த கல்சட்டி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.