வலை விரிக்க இடமுள்ள நதி



பள்ளி விடுமுறையில் நம் சபையின் நான்கு குடும்பங்களோடு சென்னைக்குச் சென்று வந்தேன். மெரினாவும் சாந்தோம் ஆலயமும் பரங்கிமலையும் பிள்ளைகளின் பட்டியலில் இருந்தன. பட்டியலில் இல்லாத ஓர் இடத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன். அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகில், உப்பங்கழியை ஒட்டி 58 ஏக்கரில் உயிர்பெற்றிருக்கும் பசுமைவெளி அது. மக்கள் அடையாறு பூங்கா என்பார்கள். தொல்காப்பியப் பூங்கா என்பது அதன் பெயர்.

உள்ளே ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் என்று எதிர்பார்த்த சிறுவர்கள் முதல் பத்து நிமிடம் முகம் சுருக்கிக்கொண்டே நடந்தார்கள். எங்களுக்கு வழிகாட்டிய இளம் சகோதரி அதைப் பொருட்படுத்தவில்லை. சேற்றிலிருந்து விரல்விரலாக மேல்நோக்கி நின்றவற்றைக் காட்டி, "இவை என்ன?" என்று கேட்டார். முளைகள் என்றான் ஒருவன். யாரோ குச்சிகளை நட்டு வைத்திருக்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி. அவை அலையாத்தி மரத்தின் வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மூச்சு விடுவதற்காக மண்ணைவிட்டு மேலே எழுகின்ற வேர்கள். பிறகு ஓர் இலையின் அடிப்புறத்தை நாவால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உப்பு! வேர் வழியே வந்துவிடும் உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறதாம். அதன்பின் பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்துவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாயிற்று.

ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள், காட்டுப் புஷ்பங்களைக் கவனியுங்கள் என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 'கவலைப்படாதிருங்கள்' என்ற இடத்துக்கு விரைந்து போய்விடுவேன். புஷ்பம் எனக்கு ஓர் உவமையாகவே இருந்தது. ஆண்டவரோ திறந்த வெளியில் அமர்ந்து, கேட்போரின் கண்ணெதிரே இருந்ததைச் சுட்டிக்காட்டியே பேசினார். மத்தேயு அங்கே எழுதியுள்ள கிரேக்கச் சொல் மேலோட்டமான பார்வையைக் குறிப்பதன்று. ஊன்றிக் கவனித்துக் கற்பதைக் குறிப்பது. அது ஒரு கட்டளை. அதற்கு நாங்கள் கீழ்ப்படிந்தது அன்று அந்தச் சேற்றின் ஓரத்தில்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

இனி அந்த இடத்தின் வரலாற்றுக்கு வருவோம். கட்டட இடிபாடுகளும் நகரத்தின் குப்பையும் கொட்டப்பட்டு, சாக்கடை தேங்கிக் கிடந்த இடம் அது. அதைக் கட்டட மனையாகப் பார்த்த கண்களும் இருந்தன. நீதிமன்றப் படியேறி அதைக் காத்த குடிமக்களும் இருந்தார்கள். பின்னர் மீட்புப் பணிக்கென அரசு ஓர் அறக்கட்டளையை அமைத்தது. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று இன்று அறியப்படுவது அதுவே. பணியைத் திட்டமிட்டவர்கள், ஆரோவில்லில் வறண்ட செம்மண் மேட்டைக் காடாக மாற்றிய பிச்சாண்டிக்குளம் வனத்தார். குப்பையை அகற்றினார்கள், கடல்நீர் ஏறி இறங்க வழி திறந்தார்கள், இம்மண்ணுக்கே உரிய மரங்களையும் அலையாத்திகளையும் நட்டார்கள். 2011 ஜனவரியில் பூங்கா திறக்கப்பட்டது. மீனும் நண்டும் பறவையும் தாமாகவே வந்து சேர்ந்தன. மனிதர் செய்ததில் பாதி, செய்துகொண்டிருந்ததை நிறுத்தியதே.

நிலத்துக்கும் ஓய்வுநாள் உண்டு என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. இஸ்ரவேலர் அதைக் கொடுக்கவில்லை. அவர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனபின், எழுபது ஆண்டுகள் பாழாய்க் கிடந்து தேசம் தன் ஓய்வைத் தானே எடுத்துக்கொண்டது என்று இரண்டாம் நாளாகமம் தன் கடைசி அதிகாரத்தில் கூறுகிறது. நாம் மனமுவந்து கொடுக்காத ஓய்வை நிலம் ஒருநாள் எடுத்துக்கொள்ளும். 2015 டிசம்பரில் அடையாறு தன் பழைய இடங்களையெல்லாம் ஒரே இரவில் எடுத்துக்கொண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

எனினும், அந்தப் பூங்காவில் என் மனத்தில் விழுந்த ஒரு முள்ளையும் சொல்லியாக வேண்டும்.

பெருவெள்ளத்துக்குப் பின் அடையாற்றின் கரைகளைச் சீரமைக்கும் பணியில், கரையோரம் வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. அவர்களில் பலர் நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை செய்த வீடுகளும் பிள்ளைகள் படித்த பள்ளிகளும் பின்னால் நின்றுவிட்டன. இப்பூங்காவுக்காக அது நடந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் நதி ஒன்றுதான். அதே நதியின் மேல் பாலமிட்டு அமைத்த விமான ஓடுபாதை இருந்த இடத்திலேயே இருக்கிறது. குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு ஆயிற்று. ஆபத்தான கரையிலிருந்து மக்களை மேட்டுக்கு மாற்றுவதும் இரக்கம்தானே என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். அது நியாயமான கேள்வி. அவர்களைக் கேட்டு, அவர்களுடைய பிழைப்புக்கு அருகிலேயே இடம் கொடுத்திருந்தால் அதை இரக்கம் என்றே நானும் அழைப்பேன். ஆகாப் ராஜாவும் நாபோத்தின் நிலத்தைக் கேட்டது ஒரு தோட்டம் போடத்தான். கீரைத் தோட்டம் என்பதனால் அந்தக் குற்றம் பசுமையாகிவிடவில்லை.

எசேக்கியேல் கண்ட நதியை இவ்விடத்தில் நினைத்துப் பாருங்கள். தேவாலயத்தின் வாசற்படியிலிருந்து புறப்பட்டுக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என ஆழமாகும் அந்த நதியைப் பற்றி எழுப்புதல் கூட்டங்களில் நிறையவே கேட்டிருக்கிறோம். ஆழத்தோடு நிறுத்திவிடுகிறோம். 47-ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால் கரையின் இரு மருங்கிலும் மரங்கள் வருகின்றன. திரளான மீன்கள் வருகின்றன. அதன்பின், என்கேதி தொடங்கி மீனவர்கள் நின்று வலை விரிக்கிறார்கள். உளையான நிலங்களோ உப்புக்கென்றே விடப்படுகின்றன. சதுப்பைத் தேவன் நிரப்பி மேடாக்கவில்லை. மீனவரை அப்புறப்படுத்தவும் இல்லை. நதி குணமானதற்கு அடையாளமே வலை காயப்போடும் மனிதர்தாம். அடையாற்று முகத்துவாரத்தின் தென்கரையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தின் படகுகள் இன்னும் கடலுக்குப் போகின்றன. பூங்காவின் அலையாத்தி எவ்வளவு உயர்ந்தது என்று அளப்பவர்கள், அந்தப் படகுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சென்னைக் கதை நமக்கெதற்கு என்று சின்னசேலத்தில் யாரேனும் கேட்கலாம். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாக இறங்கிக் கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்குகிறது. பின்பு மணிமுத்தாற்றில் சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அதற்குத் தெற்கே இருப்பது பிச்சாவரத்து அலையாத்திக் காடு. நம் மலையின் நீரும் அந்தக் கடலோரத்துக்குத்தான் போகிறது. அதனுடன் நாம் எதை அனுப்புகிறோம்? ஆற்றுப் பாலத்தில் நின்று கீழே பார்த்தாலே தெரியும். கோழிக்கழிவு மூட்டைகள், கல்யாண மண்டபத்து இலைகள், வேலிக்காத்தான் புதர். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பின் நம் சபையார் வீசிய தெர்மாகோல் தட்டுகளையும் அங்கே கண்டிருக்கிறேன். ஆகவே இதில் நான் யாருக்கும் நீதிபதி அல்ல.

ஆதாமை ஏதேனில் வைத்தபோது தேவன் கொடுத்த வேலையைக் குறிக்க எபிரெயத்தில் இரு சொற்கள் வருகின்றன. ஒன்றுக்கு உழைத்தல், ஊழியம் செய்தல் என்று பொருள். மற்றது காவல் காத்தல். ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியரின் பணியைக் குறிக்கவும் எண்ணாகமம் இதே இரு சொற்களைத்தான் கையாளுகிறது. அப்படியானால் ஆற்றங்கரையைக் காப்பது ஆராதனைக்கு வெளியே நடக்கும் சமூக சேவை அன்று. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் செய்விக்கிறோம். தங்கள் ஆற்றில் வாழும் மூன்று மீன்களின் பெயரைச் சொல்ல அவர்களால் இயலவில்லை. எனக்கும் இரண்டுதான் தெரிந்திருந்தது.

இவ்வாரம் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோமுகிக் கரையில் குடும்பமாக நடக்கவிருக்கிறோம். பிரசங்கம் இராது, ஒலிபெருக்கியும் வேண்டாம். நமக்கு வழிகாட்டப் போகிறவர் அந்தக் கரையில் நாற்பது ஆண்டுகளாக ஆடு மேய்த்துவரும் ஒரு பெரியவர். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். 'நான் என்னங்க ஐயா சொல்லப் போறேன்' என்று முதலில் மறுத்தார். வேலிக்காத்தான் வருவதற்கு முன் அங்கே என்னென்ன இருந்தன என்று கேட்டேன். மருது, நாணல், தாழை என்று தொடங்கியவர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. தண்ணீர் பாட்டிலும் பழைய செருப்பும் கொண்டுவாருங்கள். ஆளுக்கு ஒரு சாக்குப்பையும் வேண்டும். குழந்தைகளை அவருக்கு அருகில் நடக்க விடுங்கள். நாம் பின்னால் வருவோம்.