எஸ்டிமேட்டை எதோடு ஒப்பிடுவது?

13 வயதான சிறிய பெட்ரோல் காருக்கு ஒர்க்‌ஷாப்பில் 60,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தால், 'விற்றாலே ஒன்றேகால் லட்சம் தேறாத வண்டிக்கு இவ்வளவா?' என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று வண்டியைத் தள்ளிவிடவும் முடிவு செய்வார்கள். அந்தக் கணக்கு தவறு. விற்றால் என்ன கிடைக்கும் என்பதை மட்டுமே சந்தை விலை சொல்லும். விற்ற பிறகு இன்னொரு வண்டி வைத்துக்கொள்ள ஆண்டுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. எஸ்டிமேட்டை ஒப்பிட வேண்டியது அந்தச் செலவோடுதான்.

7 லட்ச ரூபாய்க்குப் புதிய கார் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். காப்பீட்டுத் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டு முடிவில் அதன் மதிப்பு பாதி. போனது மூன்றரை லட்சம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள கார்களுக்குச் சாலை வரி 13 சதவீதம், அதாவது 91,000 ரூபாய். 5 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் வட்டி மட்டும் ஏறத்தாழ 1.23 லட்சம். ஆக, பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் சேராமலே ஆண்டுக்கு 1.1 லட்சத்துக்கு மேல். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த பிறகும் தேய்மானமும் வட்டியும் இருக்கவே செய்கின்றன. பழைய வண்டியில் போடும் 60,000 ரூபாய் அதை இரண்டு ஆண்டு ஓட வைத்தால், ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான்.

இன்று கிளட்ச், நாளை வேறொன்று என்று செலவு தொடராதா என்பது நியாயமான கேள்வி. தொடரும், ஆனால் எல்லாப் பழுதும் ஒன்றல்ல. கிளட்ச் பிளேட், சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர் போன்றவை தேய்ந்து மாற்றுவதற்கென்றே உள்ளவை. பாடியில் ஏறும் துரு அப்படியல்ல. வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஜாக்கி வைக்கும் இடத்தைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். தகடு பொடியாக உதிர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் பணம் போடக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கி வயரிங் கெட்ட வண்டிக்கும் இதே தீர்ப்புதான்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். பின்னர் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது. பழைய காரில் இவற்றைப் பிறகு பொருத்திக்கொள்ள வழியில்லை. வாரந்தோறும் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போகிறவர் இதற்காகவே மாற்றலாம். அது பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை, சிக்கனமல்ல. அவரும் நேராக ஷோரூமுக்குப் போக வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு தயாரான, இரண்டு ஏர்பேக்கும் உள்ள செகண்ட் ஹேண்ட் காரில், தேய்மானத்தின் பெரும்பங்கை முதல் உரிமையாளர் ஏற்கெனவே சுமந்திருப்பார். புகையும் குறைவு.

15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. எடுத்து, 5,000 ரூபாய் கட்டணம் கட்டி, ஆர்.சி.யை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம். அதில் தேறாத வண்டிக்கு விவாதமே தேவையில்லை. தேறும் வண்டியென்றால், கடைசி இரண்டு ஆண்டு ரிப்பேர் பில்களைக் கூட்டிப் பாருங்கள். ஆண்டுச் சராசரி லட்சத்தைத் தொடாதவரை ரிப்பேர் செய்வதே லாபம்.