கூண்டுக்குக் காசு இருக்கு, தடுப்பூசிக்கு நேரம் இல்லையா?

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற தெருக்களில்கூட, புறவாசலில் பத்துக் கோழி மேயும் வீடுகள் உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது அம்மாவுக்கு நல்ல கூண்டு ஒன்று வாங்கித் தர ஆசைப்படுகிறார்கள். யூடியூப் பார்த்து, பெயின்ட் அடித்த இரும்புக் கூண்டு, தானாகச் சொட்டும் தண்ணீர்க் குழாய் என்று காசு இறங்குகிறது. கோடை வந்ததும் போனில் ஒரே வரிதான்: "எல்லாம் கழிச்சல்ல போயிருச்சுப்பா."

ஊரில் கழிச்சல் என்று சொல்வது வெள்ளைக்கழிச்சல். வைரஸ் நோய். ராணிகேத் நோய் என்றும் பெயர் உண்டு. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகும், இறக்கை தொங்கும், மூச்சு வாங்கும், சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதில் தப்பில்லை. அதை நம்பித் தடுப்பூசியை விடுவதுதான் தப்பு.

கணக்கு எளிது. குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா மருந்து, 4-ஆம் வாரத்தில் மறுபடி ஒரு முறை, 8-ஆம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. அந்த ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவசமாகவே கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது.

பிறகு ஏன் போடுவதில்லை? சோம்பல் மட்டும் காரணம் இல்லை. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு மேல் கணக்குப் பண்ணி வருகிறது. ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர முடியும்; கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். பத்துக் கோழிக்காரர் தனியாக வாங்கினால் மீதியைக் கொட்டத்தான் வேண்டும். முகாம் நடக்கும்போது பொரிக்காத குஞ்சு அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க முடியாது. அதனால் ஒரு தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, மருந்தகத்தில் நாள் கேட்டு, ஒரே சமயத்தில் போட்டுக்கொள்வதுதான் வழி. தன் வீட்டுக்கு மட்டும் போட்டுவிட்டால் போதாது. பக்கத்து வீட்டுச் சேவலுக்கு மதில் ஒரு பொருட்டா? மாதம் ஒரு நாளைத் தெருவுக்குத் தெரியும்படி அறிவித்து ஊசி போட்டால், இந்தத் துறை தரும் இலவசக் குஞ்சுகளைவிட அது பெரிய உதவியாக இருக்கும்.

கூண்டு வேண்டாம் என்பதல்ல. கீரியும் பூனையும் ராத்திரி வரத்தான் செய்யும். அரை அங்குலக் கண்ணுள்ள வலையாக எடுத்து, அடியில் ஓர் அடி மண்ணுக்குள் புதைத்துவிட்டால் கீரி தோண்டி வராது. பொழுது சாயக் கதவைச் சாத்துகிற பழக்கம், விலை உயர்ந்த பூட்டைவிடப் பெரிய காவல். கொட்டகை நீளவாக்கில் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே விழாது. இந்த ஊர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரை அடுப்பு மாதிரி கொதிக்கும்; மேலே ஓலை பரப்பி, மண் சட்டியில் தண்ணீரை நிழலில் வைத்தால் போதும். தரையில் கடலைத்தோலோ தேங்காய் நார்க்கழிவோ நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, வாரம் இரண்டு தரம் கிளறிவிட வேண்டும். ஈரமானால் நாற்றம் கிளம்பும், பக்கத்து வீட்டோடு சண்டையும் வரும்.

தீனிக்கு ஒரு பழைய தந்திரம்: பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் மண்ணில் கவிழ்த்து வைத்தால், காலையில் கறையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு நல்ல புரதம், செலவும் இல்லை. புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொடுக்கும் ஊரில் கறையானுக்கா பஞ்சம்?

கோழி ஒன்று தலையைத் தொங்கப் போட்டதும், மீதியைச் சந்தைக்குக் கொண்டுபோய் மலிவாகத் தள்ளிவிடும் வழக்கம்தான் நோயை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. நோயுற்றதைத் தனியாகப் பஞ்சாரத்தில் போட்டு, மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். செத்ததை ஓடையில் வீசாமல், ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். காலியான கூண்டைக் கழுவி, வெள்ளையடித்து, சில வாரம் வெயிலில் காயவிட்ட பிறகே அடுத்த குஞ்சுகளை உள்ளே விடலாம்.