கம்ப்யூட்டர் போடும் குலுக்கலை நம்பலாமா?

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடங்களுக்குக் குலுக்கல். “சீட்டு எல்லாம் எதுக்கு தம்பி? கம்ப்யூட்டர்ல நம்பர் எடுத்துடுங்க” என்றார் சங்கச் செயலாளர். கமாண்ட் பிராம்ப்ட்டில் எடுப்பது எளிதுதான். ஆனாலும் மறுத்துவிட்டேன்.

காரணத்தை நீங்களே சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் சி.எம்.டி. என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அதில் எக்கோ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விடுங்கள். அடுத்து ரேண்டம் என்ற சொல்லை இரு சதவீதக் குறிகளுக்கு (%) நடுவே அமைத்து என்டர் தட்டுங்கள். 0 முதல் 32767 வரை ஓர் எண் வரும். விண்டோவை மூடிவிட்டு, முதலில் திறந்ததிலிருந்து ஒரு நிமிடம் கழித்து மீண்டும் திறந்து அதையே செய்யுங்கள். எண் சுமார் 196 கூடியிருக்கும்! (32767ஐத் தாண்டினால் மறுபடி 0 முதல் தொடங்கும்.)

கம்ப்யூட்டருக்குத் தாயம் உருட்டத் தெரியாது. விண்டோ திறந்த நேரத்தை விநாடிக் கணக்கில் எடுத்து, ஒரு சூத்திரத்தில் போட்டு எண்ணைத் தருகிறது. ஒரே விநாடியில் திறந்த இரண்டு விண்டோக்கள் ஒரே எண்களைத்தான் தரும்.

விளையாட்டுக்கு இது போதும். பாஸ்வேர்டு உருவாக்க இதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள்தான். நீங்கள் பாஸ்வேர்டு அமைத்த நாள் தெரிந்தால், அத்தனையையும் முயன்று பார்க்க இன்னொரு கம்ப்யூட்டருக்கு அதிக நேரம் ஆகாது.

வல்லுநர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். டெபியன் லினக்ஸில் 2006ல் செய்த ஒரு மாற்றத்தால், ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்கிய ரகசியச் சாவிகள் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32 ஆயிரத்துக்குள் சுருங்கின. 2008 மே மாதம்தான் இது வெளியே தெரிந்தது. பலரும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

பிறகு என்ன செய்வது? சாதனங்கள் இயங்கும் நேரங்களில் ஏற்படும் நுண்ணிய வேறுபாடுகளைத் திரட்டி, யூகிக்க முடியாத எண்களை ஆப்பரேட்டிங் சிஸ்டம் தனியே உருவாக்குகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்கள் பரிந்துரைக்கும் பாஸ்வேர்டுகள் அப்படிப்பட்டவை. அவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் குலுக்கல்? சீட்டுகளை எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னோம். எனக்கு மொட்டை வெயிலில் இடம் விழுந்தது. ஆனால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை!